பின்னால் வைத்த அடி

கள்ளக்குறிச்சியில் மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்றார். ஆனாலும் இரண்டு மாதமாக நான் நொண்டிக்கொண்டுதான் இருந்தேன். இடது காலை ஊன்றும் நேரம் வந்தாலே உடம்பு முந்திக்கொண்டு வலது பக்கம் சாய்ந்துவிடும்.

நடவுக்கு ஆள் சேர்க்கும் செல்லியம்மா அக்கா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த நடைக்கு நாத்துக்கட்டத் தூக்கிக்கினு வரப்புல வந்தீன்னா, கட்டு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். திங்கக்கிழம நடந்து காட்டு ஷாலினி, அப்பறம் பாக்கலாம்."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு இருந்த ஒரே கூட்டம் அந்த நடவுக் கூட்டம்தான். அதையும் இழக்க மனமில்லை.

விடியற்காலையில் ஏரிக்கரையை ஒட்டிய அறுத்த வயலுக்குப் போனேன். கல்வராயன் மலை பனியில் பாதி கரைந்திருந்தது. நடவில் நகர்வதுபோல் சும்மா பின்னால் நகர்ந்து பார்த்தேன். பத்தடி போன பிறகுதான் தெரிந்தது, நான் நொண்டவில்லை.

மறுபடி நகர்ந்தேன், மெதுவாக, கவனித்துக்கொண்டே. பின்னால் போகும்போது கால் அவசரப்படுவதில்லை. முதலில் விரல் தொடுகிறது. ஈரமா, கட்டியா, அறுத்த தாள் குத்துமா என்று பார்க்கிறது. பிறகு பாதம், பிறகு குதிகால். உடம்பு கடைசியாகத்தான் வருகிறது. முன்னோக்கி நடந்தபோதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகால் மண்ணில் படியும் முன்பே தப்பி ஓடியிருக்கிறேன்.

நான்கு நாள் அப்படியே. பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம். மலை தள்ளிப்போகும், கிட்டே வரும். சில நேரம் நடப்பது நானா, அடியில் வயல்தான் நகர்கிறதா என்றே தெரியாது.

திங்கட்கிழமை தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் ஏறினேன். நடுவில் ஒரே வழுக்கல். உடம்பு பழையபடி வலது பக்கம் ஓடப் பார்த்தது. நின்றுவிட்டேன்.

"இன்னாடி, பஸ்ஸுக்கு நின்னுக்கினு கீறியா?" என்றாள் பின்னால் வந்த ராதிகா. மற்றவர்கள் சிரித்தார்கள்.

மூச்சை விட்டேன். நாற்றிலிருந்து ஒழுகிய தண்ணீர் காதோரம் இறங்கியது. இடது பாதத்தை மெல்ல வைத்தேன். மண் கொஞ்சம் அமிழ்ந்து, பிறகு தாங்கியது. எடை முழுவதையும் அதன்மேல் கொடுத்தேன். வலது கால் அவசரமில்லாமல் முன்னே போனது.

கட்டை இறக்கியபோது செல்லியம்மா அக்கா என் காலைப் பார்க்கவே இல்லை.

"ராதிகா பக்கத்துல நில்லு," என்றாள். "அவளுக்கு வாயி ஜாஸ்தி. நீயாவது ஒழுங்கா நடு."