அகாத்தாவின் உதடுகள்

...இந்த முகத்துக்கு இன்னொருத்தியின் குரலா, கேட்டுவிட வாய் துடிக்கிறது, எத்தோரே என் பக்கம் திரும்பவே இல்லை, ஒலிப்பதிவுக் கூடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் காபியை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறார், இத்தனை வருடமாக இவர் இயக்கும் படங்களை வெட்டி ஒட்டுகிறவள் நான், எனக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிசிலியில், கந்தகச் சுரங்கத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்த அகாத்தாவை அவள் வீட்டு வாசலிலேயே நிறுத்திப் படம் பிடித்தோமே, ரோமுக்கு வரவழைக்கிறேன், உன் குரல்தான் படத்தில் இருக்கும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே... இப்போது வான்தா வந்து நிற்கிறாள், போன வாரம் ஒரு இளவரசிக்குக் குரல் கொடுத்தவள், தொண்டைக்குத் தேன் விட்டுக்கொண்டு. இவரது முதல் படத்தில் உப்பளத்துக்காரர்கள் தங்கள் சொந்தக் குரலில், தெற்கத்திப் பேச்சிலேயே பேசியது வடக்கே யாருக்கும் விளங்கவில்லை, கொட்டகைகள் காலி, இவர் சிரித்தார், "புரியலேன்னா இன்னும் பக்கத்துல வந்து உக்காரட்டும்" என்றார், அந்த ஒரு பேச்சுக்காகத்தானே இருந்த வேலையை உதறிவிட்டு இவரிடம் வந்தேன்? பிறகு விருதுகள், கட்சி விருந்துகள், தோளில் கைபோடும் தயாரிப்பாளர்கள்... படத்துக்குப் படம் ஏழைகளின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, குரல் தேய்ந்துகொண்டே.

"ரயில் டிக்கெட்டுக்கா பஞ்சம், எத்தோரே?"

"ஆரம்பிச்சிட்டியா எர்சிலியா? அவ பேசினா மிலான்ல ஒருத்தனுக்கும் புரியாது."

"உப்பளப் படம் மட்டும் புரிஞ்சுதா?"

"அப்ப எனக்கு முப்பது வயசு, தாயே. ஆளை விடு."

விளக்கு அணைந்தது. வளையமாக ஒட்டிய படச்சுருள் சுற்றிச் சுற்றி அதே அகாத்தாவைக் காட்டுகிறது, சத்தமில்லாமல்... நாங்கள் படப்பிடிப்பில் ஒலி எடுப்பதில்லை, எல்லாம் ரோமில் வந்து சேர்ப்பதுதான், நடிக்கத் தெரியாதவர்களிடம் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணச் சொல்வோம், உதடு அசைந்தால் போதும். அவளிடமும் இவர் அதைத்தான் சொன்னார். வான்தா தடுமாறினாள், மறுபடி தடுமாறினாள், பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"மேஸ்ட்ரோ, இந்தம்மா எண்ணவே இல்ல. யாரையோ திட்டித் தீர்க்குறா. நல்லா பாருங்க."

பார்த்தேன். அவள் கண் காமிராவில் இல்லை, சற்றே இடது பக்கம், இவர் எப்போதும் நிற்கிற இடத்தில். "என்ன சொன்னா?" என்றேன். "ஞாபகமில்ல" என்றார், கேள்வி முடிவதற்குள். நான் அன்று வெகு தூரத்தில், வண்டிக்குப் பக்கத்தில் இருந்தேன்... இவரோ கை நீட்டினால் அவளைத் தொடும் தூரத்தில்.

"அப்ப நான் என்ன சொல்லட்டும்?" என்றாள் வான்தா.

"எழுதியிருக்கிறதைச் சொல்லு."

சுருள் மறுபடி சுற்றுகிறது, அவள் மறுபடி வாய் திறக்கிறாள், மிலான்காரர்களுக்குப் புரியாது என்றா இவர் அவளை வரவழைக்கவில்லை, அல்லது எங்களுக்குப் புரிந்துவிடும் என்றா...