சிவப்பு டிக்

மோல்டிங் மெஷினிலிருந்து மேஜைக்கு வரும்போது மூடிகளில் இன்னும் சூடு இருந்தது. பைக் ஸ்விட்சின் மேலே மாட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக் மூடி. ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சீவ வேண்டும். விளக்குக்கு நேரே திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல், குழி இல்லையென்றால் உள்பக்கம் வெள்ளை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து ட்ரேயில் அடுக்க வேண்டும். இருந்தால் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துக் கீழே கூடையில் போட வேண்டும். கல்பனா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, மேஜைக்கு மூத்தவளான சந்திரகலா இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

“சிவப்பு மட்டும் பாத்து போடுமா. சிவப்பு பட்டா அது கழிசல். அப்புறம் யாரும் திருப்பிப் பாக்கமாட்டாங்க.”

கல்பனா தலையாட்டினாள். அவள் பி.எஸ்சி. கணிதம், பி.எட். ஆசிரியர் தகுதித் தேர்விலும் இரண்டாவது முயற்சியில் தேறியவள். இதெல்லாம் இங்கே யாருக்கும் தெரியாது. ஆள் சேர்க்கிற காண்ட்ராக்டர் பாக்கியராஜ் டிகிரிக்காரர்களை எடுப்பதில்லை. சட்டம் பேசுவார்களாம், ரெண்டு மாதத்தில் ஓடிவிடுவார்களாம். அதனால் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் நீட்டி உள்ளே வந்திருந்தாள். படித்ததை மறைத்தால்தான் வேலை கிடைக்கும் என்பதையும் படித்தவள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எளாவூர் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த நெல்வயலை விற்றுத்தான் அப்பா குப்புராஜ் அவளை பி.எட். படிக்க வைத்தார். இப்போது அந்த இடத்தில் ஜல்லி கொட்டி லாரிகளை நிறுத்தியிருக்கிறார்கள். கம்பெனி பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் வரும். கல்பனா பஸ்ஸில் எப்போதும் எதிர்ப்பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். அப்பா இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

ஐந்து வருடம் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். சம்பளம் ஒன்பதாயிரம். கூடக் கேட்டபோது, இதே சம்பளத்துக்கு வரப் பத்துப் பேர் வெளியே காத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். இங்கே பதினாலாயிரம், மத்தியானச் சோறு, பஸ் இலவசம். இந்தக் கணக்கைப் போடக் கணக்கு டீச்சருக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அந்தப் புதன்கிழமை கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே சந்திரகலா தன் மகளைப் பற்றிச் சொன்னாள். லோகேஸ்வரி பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டாள். அடுத்து பி.எட். திருவள்ளூர் தாண்டி ஒரு காலேஜில் இடம் இருக்கிறதாம். சனிக்கிழமைக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். அதற்காகத் தான் கட்டிவரும் சீட்டுப் பணத்தைத் தள்ளுபடி போனாலும் பரவாயில்லை என்று இந்த மாதமே எடுக்கப் போகிறாள்.

“பதினோரு வருசமா நின்னுகினே இருக்கேன். காலப் பாரு, எப்டி வீங்கிகீது. எம்பொண்ணு சேர்ல உக்காரணும். நாப்பது புள்ளைங்க எழுந்து நின்னு வணக்கம் சொல்லணும் அவளுக்கு.”

கல்பனாவின் பள்ளியில் வகுப்பறை நாற்காலிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் டீச்சர்கள் தூங்கிவிடுவார்களாம். காலையிலிருந்து மாலை வரை நின்றுகொண்டேதான் பாடம் எடுப்பாள். அவள் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

“உனுக்கு கணக்கு நல்லா வருது இல்ல, இத்தப் போட்டு சொல்லு. வருசத்துக்கு அறுவதாயிரம், ரெண்டு வருசம். பஸ்ஸு, புஸ்தகம், ரெக்கார்டு நோட்டு தனி. அப்பால வேலைக்கு போனா அம்பதாயிரம் வரும். எங்க தெருவுல கெவுருமெண்டு டீச்சரு ஒருத்தங்க வாங்குறாங்க. போட்ட டப்பு எப்ப திரும்ப வரும்?”

கல்பனாவுக்கு விடை தெரியும். ஐம்பதாயிரம் என்று எழுதிய இடத்தில் ஒன்பதாயிரம் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அதை எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்று சந்திரகலா அக்கா கேட்பாள். பக்கத்து மேஜைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் பாக்கியராஜ் காதுக்குப் போய்விடும்.

“வேலைக்குப் போன மூணு மாசத்துல வந்துரும்க்கா,” என்றாள்.

சந்திரகலா சிரித்தாள். தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து கல்பனாவின் தட்டில் வைத்தாள். கல்பனா அதை நொறுக்கிச் சோற்றோடு பிசைந்தாள்.

வியாழக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். அன்றைக்கு லோடு அதிகம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைத் தயார் செய்துவைத்திருந்தாள். ‘எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு பி.எட். படிச்சிட்டு’ என்று தொடங்க வேண்டும். மேஜைக்கு வந்தால், மகளோடு காலேஜுக்குப் போகும்போது கட்டப் புதுப் புடவை எடுத்த கதையைச் சந்திரகலா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட கல்பனாவுக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்பதுதான் உண்மை.

சனிக்கிழமை சந்திரகலா லீவு.

திங்கட்கிழமை கல்பனாவின் கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பிசிறைச் சீவினாள், திருப்பிப் பார்த்தாள், சரியாக இருந்தது, மார்க்கரால் குறித்தாள். மனம் முழுக்க, சனிக்கிழமை காலேஜ் ஆபீஸில் புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்திருக்கும் சந்திரகலாவிடம் இருந்தது. எதிரே சந்திரகலாவும் குனிந்த தலை நிமிராமல் சீவிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அரசப்பன் வந்து ட்ரேயைக் குனிந்து பார்த்து, இந்த மேஜையில் என்ன நடக்கிறது என்று கத்தியபோதுதான் கல்பனா தன் கையைப் பார்த்தாள். கையில் இருந்தது சிவப்பு மார்க்கர்.

மூன்று ட்ரே நிறைய நல்ல மூடிகள். எல்லாவற்றிலும் சிவப்பு.

யார் போட்டது என்று அரசப்பன் கேட்டார். கல்பனா வாயைத் திறந்தாள். ஆனால் சந்திரகலா முந்திக்கொண்டாள்.

“நான்தான் சார் மார்க்கர மாத்தி குடுத்துட்டேன். புதுப் பொண்ணு, அதுக்கின்னா தெரியும்.”

கல்பனா வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரத்துக்குச் சந்திரகலாவுக்கு ஓவர்டைம் கிடையாது, சாப்பாட்டு இடைவேளைக்குள் எல்லாவற்றையும் துடைத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு அரசப்பன் போனார்.

இருவரும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கத் தொடங்கினார்கள். நாலைந்து மூடிகளைத் துடைத்த பிறகு சந்திரகலாவின் கை நின்றது. ஒரு மூடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். கழிசலுக்குப் போடுவது நேர்க்கோடு. இவை கோடுகள் இல்லை. கீழே சின்னதாக வளைந்து மேலே நீளமாக ஏறும் டிக். மகளின் நோட்டுகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் பார்த்துப் பூரித்த டிக்.

“எந்த ஸ்கூலுமா?” என்றாள் மெதுவாக.

கல்பனா சொன்னாள். எத்தனை வருடம் என்றும், என்ன சம்பளம் என்றும், அப்பா விற்ற வயலையும் சொன்னாள்.

“அன்னிக்கே ஏம்மா சொல்லல?”

“வேல போயிடும்னு பயம்க்கா.”

சந்திரகலா துணியை மறுபடி ஸ்பிரிட்டில் நனைத்தாள். “சனிக்கிழம கட்டிட்டேன். சர்டிபிகேட்டெல்லாம் வாங்கி உள்ள வெச்சிக்கினாங்க. நடுவுல நின்னா, ரெண்டு வருசப் பணமும் கட்டினாத்தான் கைல குடுப்பாங்களாம்.”

திட்டுவாள் என்று கல்பனா காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. ஒவ்வொரு டிக்காகத் துடைத்து, காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி வைத்து அடுக்கினாள்.

பத்து நாள் கழித்து ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, கேட்டருகே நின்ற பாக்கியராஜிடம் சந்திரகலா தயங்கித் தயங்கிப் போனாள். கல்பனா இரண்டடி பின்னால் நின்றாள். மகளுக்கு வேலை வேண்டும் என்றாள் சந்திரகலா. தினமும் காலேஜுக்கு வரத் தேவையில்லை, தனியாக ஒரு தொகை கட்டினால் வருகைப்பதிவைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அதற்கும் மீதித் தவணைக்கும் மகளே சம்பாதித்தால்தான் முடியும். இதையெல்லாம் அவள் பாக்கியராஜிடம் சொல்லவில்லை, காலையில் பஸ்ஸில் கல்பனாவிடம் சொல்லியிருந்தாள்.

“இன்னா படிச்சிருக்கு பொண்ணு?” என்று கேட்டார் பாக்கியராஜ்.

சந்திரகலா ஒரு கணம் திரும்பிக் கல்பனாவைப் பார்த்தாள்.

“ப்ளஸ் டூ சார். அவ்ளோதான் படிச்சிகீது.”

மறுநாள் காலை லோகேஸ்வரி தலையில் தொப்பியும் கையில் உறையுமாக மேஜைக்கு வந்தாள். அம்மாவின் அதே முகம், அதே நெற்றி. ஒரு மூடியை எடுத்து, சீவி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“சரியா இருந்தா இன்னா போடணும்க்கா?”

கல்பனா சந்திரகலாவைப் பார்த்தாள். சந்திரகலா தலை நிமிரவில்லை. கல்பனா வெள்ளை மார்க்கரின் மூடியைக் கழற்றி அந்தப் பெண்ணின் விரல்களுக்கிடையில் வைத்தாள். சிவப்பை எடுத்து, அவள் கைக்கு எட்டாதபடி மேஜையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தாள்.