தெளிவாகக் கேட்கும்வரை

கார் வந்து நின்றதுமே எலக்ட்ரீஷியனுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. அவனுக்குத்தான் இவரைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தங்கையைப் பெண் கேட்டு வந்த அன்று, கூடம் நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, "பொண்ணு சரி, குரல்தான் ஓட்டைத் தகரம். ஆயுசு முழுக்க எவன் கேப்பான்?" என்று சிரித்துவிட்டுப் போனவன், பெண்ணின் அண்ணனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதன்பின் வெகுநாள் தங்கை வாயே திறக்கவில்லை.

"ரேடியோ ஒரே இரைச்சல் அண்ணே."

என்ஜினை அணைத்துப் பார்த்தார். இரைச்சல் குறையவில்லை. கார்க் கூரைமேல் இருந்த ஆன்டெனாவை அசைத்தார், இரைச்சல் ஏறி இறங்கியது. அடியில் துரு. சுரண்டி முறுக்கினால் தீர்ந்தது. ஆனால் சட்டென்று முடிக்க அவருக்கு மனமில்லை.

ஸ்டேஷனை அவரே திருப்பி வைத்தார். தங்கை இப்போது வானொலியில் அறிவிப்பாளர், அது அவள் பேசும் நேரம்.

"தம்பி, உள்ள உக்காந்து கேளுங்க. எப்படி இருக்குன்னு சத்தமா சொல்லணும்."

சுரண்டினார். "இப்ப?"

"ஒரு பொம்பளக் குரல் லேசா கேக்குது!"

பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள்.

"குரல் எப்படி?"

"பரவால்ல!"

"அப்படின்னா வேலை பாக்கி இருக்கு." மேலும் சுரண்டினார். "இப்ப?"

"நல்லா இருக்குண்ணே!"

"காதுல விழல."

"குரல் அருமையா இருக்கு! நாள் முழுக்கக் கேக்கலாம்!"

"மெல்ல சார், வீட்டம்மா காதுல விழுந்துறப் போகுது" என்றார் பஞ்சர்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே குனிந்தார்.

"அது என் தங்கச்சி. நீங்க பாத்துட்டு வேண்டாம்னு போன பொண்ணு. அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா, இல்ல இவங்க முன்னாடி நான் சொல்லட்டுமா?"

அவன் கை ரேடியோவை அணைக்கப் போனது.

"அணைக்காதீங்க. வேலை முடியல."

"அண்ணே... ஏதோ வாய் தவறி வந்துருச்சு. நான் மன்னிப்பு கேட்டேன்னு தங்கச்சிகிட்ட சொல்லிருங்க."

"உங்க மன்னிப்பை நான் ஏன் சுமக்கணும்? எங்க கூடத்துல, எங்க ஆளுங்க முன்னாடிதானே பேசினீங்க. அங்கயே வந்து கேளுங்க. எப்ப வர்றீங்க?"

அவன் சுற்றிலும் பார்த்தான். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் ஒருவரும் நகர்வதாக இல்லை.

"ஞாயித்துக்கிழமை" என்றான்.

எலக்ட்ரீஷியன் அங்கேயே நின்று போனை எடுத்தார். "பெரியப்பா, ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வந்துருங்க. அத்தை, சித்தப்பா, அன்னைக்கு இருந்த எல்லாரும் வேணும். ஒருத்தரையும் விட்றாதீங்க."

பிறகு கார்க் கூரைப் பக்கம் திரும்பி, எந்த மழைக்கும் அசையாதபடி ஆன்டெனாவை இறுக்கினார்.