டாக்டர் சொன்னது

பெட்டி மூடியின் கடைசித் திருகாணியைக் கழற்றியதும் அத்தை அதன்மேல் விழப்போனாள். ஞானசெல்வி தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தாவீது கோட்டு போட்டுப் படுத்திருந்தான். இங்கிலாந்தில் முதியோர் இல்ல வேலைக்கென்று அவளையும் கூட்டிக்கொண்டு போன புருஷன், சங்கரன்கோவில் வீட்டுக்கு இப்படித் திரும்பியிருந்தான்.

அங்கே ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்களா என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பார்த்தார்கள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான், ஆனாலும் ஒரு குறை சொல்ல முடியாது. அவனை வலிக்காமல் புரட்டிப் படுக்கவைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் பேசியதுதான் அவளுக்குப் புரியாது. டாக்டர் நெடுநேரம் பேசிவிட்டுப் போவார். தாவீது அதை ஒரே வரியில் முடித்துவிடுவான்.

"வயித்துப் புண்ணுதானாம் செல்வி. மாத்திரையில ஆறிருமாம்."

ஒருநாள் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தாள். தாவீதைப் பேசவிடாமல், கட்டிலின்மேல் போனை வைத்து, மொழிபெயர்த்துச் சொல்ல யாரையோ கூப்பிட்டாள். "வணக்கம் அம்மா" என்றது ஒரு பெண்குரல். யாழ்ப்பாணத் தமிழ். ஞானசெல்விக்குச் சந்தோஷம் தாளவில்லை. எந்த ஊரும்மா என்று கேட்டாள்.

"டொக்டர் சொல்லுறதை மட்டும்தான் நான் சொல்லலாம் அம்மா." குரல் கொஞ்சம் தயங்கியது. "கணையத்தில புற்றுநோயாம். இனிக் குணப்படுத்த ஏலாதாம். கன நாள் இல்லை எண்டு சொல்லுறா. அவருக்கு முந்தியே சொல்லியாச்சாம்."

இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிரு என்று அவள் கேட்பதற்குள் போன் அணைந்துவிட்டது. டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். தாவீது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தான்.

"அந்தப் பிள்ள நல்லாத் தமிழ் பேசுதா, என்ன?" என்றான்.

"ஆமா."

அதற்கப்புறம் அதைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அவன் மூச்சு நின்ற காலையில் நர்ஸ் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல என்னவோ சொன்னாள். அதைத் தமிழில் எடுத்துச்சொல்ல ஆளில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள் திரும்பி, வீடு அடங்கியபிறகு அத்தை அவளருகே நகர்ந்து வந்தாள்.

"மறைக்காமச் சொல்லு மக்கா. சாகப்போறோம்னு எம்பிள்ளைக்குத் தெரியுமா?"

ஞானசெல்வி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரியாது அத்த. ஊருக்குப் போவோம்னுதான் சொல்லிட்டு இருந்தாவ. தூக்கத்துலயே போயிட்டாவ."

அத்தை அவள் மடியில் தலையைச் சாய்த்தாள், சாய்த்தபடியே தூங்கிப்போனாள். ஞானசெல்விக்குக் கால் மரத்துவந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.