ஒட்டுத்தாள்

“எழுதும்போது உனக்கு உள்ளுக்குள்ள கேக்குமா?”

செல்லோ என்கிற பெரிய வயலினை வாசிக்கிறவர் ஒரு தடவை அவளிடம் இப்படிக் கேட்டிருந்தார். இல்லை என்று தலையசைத்தாள். அவளுக்கு இசை தெரியாது, கையெழுத்துதான் தெரியும். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் வார்த்தை திக்கும். பிள்ளைகளின் சிரிப்புக்குப் பயந்தே எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். இப்போது ஒலிப்பதிவுக்கூடத்தின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, வாத்தியக்காரர்கள் முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து இசையமைப்பாளர் ஒரே பெரிய தாளில் எழுதுவதை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து எழுதித் தருகிறாள். எந்தப் புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதை அதே கோட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். வாசிக்கிறவர்கள் அவளுக்கு எறும்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் அச்சடித்துவிடலாம். ஆனால் கையால் எழுதினால்தான் விளம்பர வீடியோவில் எடுப்பாக இருக்கும் என்று இசையமைப்பாளர் சொல்லிவிட்டார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற மனிதர் அவர். அவரிடமிருந்து வரும் ஒவ்வொரு தாளும் கீழ் மூலையில் ஈரமாக இருக்கும். அவள் நடுவில் பிடித்து வாங்குவாள்.

அவர் இசையமைக்கும் படம் ஒரு நூல் ஆலையைப் பற்றியது. நாற்பது வருடத்துக்கு முன்பு அங்கே தீப்பிடித்து இருபத்தாறு பெண்கள் செத்துப்போனார்கள். கதவு சூட்டில் இறுகி மாட்டிக்கொண்டது என்று விசாரணையில் தீர்ப்பானது. அப்படிச் சாட்சி சொன்னது, ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பிய ஒரு பத்தொன்பது வயதுப் பெண். அந்தப் பெண்தான் இவளுடைய அம்மா. மேஸ்திரி எழுதிக் கொடுத்ததை அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒப்பித்தாள். அதற்காக ஆலை கொடுத்த அறையில்தான் அவர்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். அம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

படமெடுக்க வந்த இயக்குநரிடம் அம்மா முதல் முறையாக உண்மையைச் சொன்னாள். அவர் நான்கு தடவை சொல்லவைத்தார். மூன்றாவது தடவையில் அழுகை சரியாக வந்தது, ஆனால் அப்போது பார்த்து வெளியே லாரி போய்விட்டது என்று வருத்தப்பட்டார். அம்மா நான்காவது தடவையும் சொன்னாள்.

“அந்தப் பொண்ணுங்க வீட்டு ஆளுங்க காதுல ஒரு தடவை விழுந்துட்டா போதும்டி,” என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் சொன்னாள். “அப்புறம் என் மூஞ்சில காறித் துப்பினாலும் சரி.”

குறிப்பாக ஒருத்திக்கு அது கேட்க வேண்டும். பக்கத்து மெஷினில் வேலை செய்து கருகிப்போனவளின் தங்கை. இன்றைக்கும் தெருவில் பார்த்தால் அக்கா, அக்கா என்று ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். என் அக்கா முகம் உங்க மூலமாகத்தான் எனக்கு ஞாபகம் இருக்கு என்பாள். அம்மா ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள்.

படத்துக்குப் பணம் போட்டவர் ஆலை முதலாளியின் பேரன். ஒரு நாள் வந்து படத்தைப் பார்த்தார். நல்ல வாசனை போட்டிருந்தார். போன பிறகும் மாடிப்படியில் அது இருந்தது. மறுநாள் ஏழாவது பகுதியின் இசைத்தாள் திரும்பி வந்தது. நடுவில் நீளமாக ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. ஒட்டுத்தாளின் மேல் இசையமைப்பாளரின் கையெழுத்து: ‘முப்பத்தொன்றாம் நிமிடம், நாற்பதாவது நொடி. கிழவி, கதவு. எல்லோரும், முழு பலத்தோடு.’

கிழவி என்ற சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் ஒட்டுத்தாளின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் முதலில் எழுதியது இருந்தது. நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும், முப்பத்திரண்டு வரிசையிலும், கோட்டிலிருந்து தொங்கும் சின்னக் கறுப்புக் கட்டை. யாரும் வாசிக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அந்த இடத்தில் என்ன வேண்டும் என்று இசையமைப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒட்டியிருக்கிறார். பசை வாடையும் எச்சில் வாடையும் கலந்து வந்தன.

இந்த முறை எழுதும்போது உள்ளுக்குள் கேட்டது. முப்பத்திரண்டு தாள்களிலும் அவள் ஒட்டுத்தாளுக்கு அடியில் இருந்ததையே எழுதினாள்.

ஒத்திகையின்போது படத்தின் பேச்சும் ஒலிபெருக்கியில் ஓடியது. ஆறு பகுதிகள் ஒழுங்காக முடிந்தன. ஏழாவதில் வயலின்கள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் சட்டென்று நின்றன. முப்பத்திரண்டு பேரும் வில்லையும் குழலையும் தூக்கிப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருக்க, திரையில் அம்மா பேசினாள்.

“கதவு மாட்டிக்கலை. வெளியில பூட்டியிருந்தாங்க. மாட்டிக்கிச்சுன்னு பொய் சொன்னது நான்தான்.”

நான்கு கட்டங்கள் முடிந்தும் யாரும் வாசிக்கவில்லை. செல்லோக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர் தாளம் காட்டும் கோலை மேசையில் தட்டினார்.

அவளைக் கூப்பிட்டார்கள். ஒட்டினது கண்ணில் படவில்லையா என்று இசையமைப்பாளர் கேட்டார். அவர் கத்தவில்லை, பள்ளிக்கூடம் போகாத ஆட்களை வைத்துக்கொண்டால் இப்படித்தான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். ஒரு பென்சிலும் ரப்பரும் கொடுத்து, ஒவ்வொரு தாளாகத் திருத்தச் சொன்னார். விளம்பர வீடியோ எடுக்கிறவன் அவள் கையை நெருக்கத்தில் படம்பிடித்துக்கொண்டே கூடவே வந்தான்.

பென்சிலை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று முதல் தாளின் முன் நின்று நினைத்தாள். கதவுவரை நடக்க வேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள். ரப்பரை எடுத்தாள்.

“எங்களுக்கு மூச்சுவிட நாலு கட்டம் குடுத்தே, எறும்பு,” என்றார் செல்லோக்காரர் தணிந்த குரலில். “அது கூட அவருக்குப் பொறுக்கலை.” அவர் தாளை அவரே பிடித்துக்கொண்டார், அவள் அழிக்க வசதியாக.

முப்பத்திரண்டாவது தாள் முடிந்தபோது அவள் விரல்களில் ரப்பர்த் தூள் அழுக்காக உருண்டிருந்தது. மறுபடி வாசித்தார்கள். அற்புதம் என்றார் இயக்குநர். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, தான் அந்த அம்மா பேசியதில் ஒரு வார்த்தையைக் கூட வெட்டவில்லை என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியீட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயெடுத்தாள். கடைசி நாள் அம்மா புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்ததாகவும், இருபத்தாறு வீட்டில் பதினேழு வீட்டு ஆட்கள் வருவதாகவும் சொன்னாள். இந்தப் புடவை போதுமா, ரொம்பப் பளபளப்பா இருக்கோ என்று கேட்டாள். போதும் என்றாள் மகள்.

அரங்கில் ஒவ்வொரு இருக்கையிலும் கண் துடைத்துக்கொள்ள மெல்லிய காகிதப் பொட்டலம் வைத்திருந்தார்கள். ஓரத்தில் இசைத்தட்டின் பெயர் அச்சடித்திருந்தது. படத்துக்கு முன்னால் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அட்டையில் அம்மாவின் கை, ஒட்டிய விரல்களோடு, கறுப்பு வெள்ளையில். பின்பக்கத்தில் ஏழாவது பகுதியின் பெயர் ‘கதவு’. முதல் தட்டை வாங்க அம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். முதலாளியின் பேரன் அவள் கையைப் பிடித்து உயர்த்திக் கேமராவுக்குக் காட்டினார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி, கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

படம் ஓடியது. அம்மா ஒரு பக்கம் மகளும் மறுபக்கம் பக்கத்து மெஷின்காரியின் தங்கையுமாக மூன்றாவது வரிசையில் இருந்தாள். இசைத்தட்டு மடியில் கிடந்தது. தன் முகம் திரையில் வந்ததும் அம்மா இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். தங்கையின் மணிக்கட்டைத் தானாகவே பிடித்துக்கொண்டாள். வயலின்கள் ஏறின. அவை நிற்கவில்லை. டிரம்பெட்டும் பெரிய முரசும் சேர்ந்துகொண்டன; காலடியில் தரை அதிர்ந்தது. திரையில் அம்மாவின் வாய் திறந்து மூடி, திறந்து மூடியது. கண்ணீர் வழிந்தது. அரங்கம் முழுக்கக் காகிதப் பொட்டலங்களைக் கிழிக்கும் சத்தம்.

இசை அடங்குவதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டு அம்மாவின் காதருகே சாய்ந்தாள்.

“அந்த இடத்துல என்னக்கா சொன்னீங்க? சரியா விழலை. என் அக்காவைப் பத்தியா?”

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் தன் விரல்களைப் பார்த்தாள்.

அம்மா தங்கையின் மணிக்கட்டை விட்டாள். இசைத்தட்டை இருக்கையில் கவிழ்த்து வைத்துவிட்டு, முழங்கால்களை இடித்துக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே வந்து, இருட்டில் சரிவாக ஏறி வாசல் கதவுவரை நடந்தாள். சத்தம் வெளியே போகாமலிருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த கனமான கதவு அது. ஒட்டிய விரல்களால் கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினாள். கைதட்டலில் அது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து காவலாளி வெளியிலிருந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்டான். கதவு திறந்தது. அம்மா போய்விட்டாள்.