மூன்று காலும் தெரிய

பாவாயி மிளகுத் தோட்டத்தைத் தாண்டி மகள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, கலைமணி மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இத்தனைக்கும் இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும்.

பேச்சு நின்ற காரணம் மலைமேல் திருப்புளி நாட்டு ஊர்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். பாவாயியின் மகன் செல்வம், கலைமணியின் கூடப் பிறந்த தம்பி, இரண்டு தோட்டத்துக்கும் எல்லையில் நின்ற மரத்துக் கொடியில் யார் மிளகு பறிப்பது என்று தொடங்கிய சண்டையில் கலைமணியின் கணவன் அண்ணாமலையை அரிவாளால் வெட்டிவிட்டான். மலையிறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. செல்வத்துக்கு ஆயுள் தண்டனை. கோர்ட்டில் அவன் கடைசி வரை வாய் திறக்கவில்லை.

அன்று குறுக்கே பாய்ந்தது கரியன். அண்ணாமலை வளர்த்த நாய். அதற்கும் ஒரு வெட்டு விழுந்தது. வலது முன்னங்கால் முட்டிக்குக் கீழே இல்லை.

"உக்காருன்னு சொல்ல மாட்டயா கண்ணு?" என்றாள் பாவாயி.

"என்ன விசயம்?"

பாவாயி நின்றபடியே இடுப்புப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். பச்சை நிறத்துக்கு நடுவே ஒரு கறுப்புத் திட்டு. கலைமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன?"

"கரியந்தான். நீ தண்ணிக்குப் போனப்ப வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு போன்ல எடுத்தேன். சேந்தமங்கலத்துல ஸ்டுடியோவுல குடுத்து பிரிண்டு போட்டா இப்படி வந்துருக்குது. கண்ணும் தெரியல, காதும் தெரியல."

"எதுக்கு எடுத்த?"

பாவாயி போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். ஜெயிலில் மனுப் போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் செல்வம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறானாம். கரியன் இருக்கிறதா, செத்துவிட்டதா. இருக்கிறது என்று சொன்னால் நம்புவதில்லை. சாப்பாடு சரியாக எடுப்பதில்லை. எலும்பும் தோலுமாக நிற்கிறான். ஸ்டுடியோக்காரப் பையன் கேமராவோடு மலைக்கு வந்து எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்குள்ளிருந்து கலைமணியின் மாமியார் வள்ளியாத்தாள் வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பாவாயியின் பக்கம் திரும்பாமல் மருமகளிடம் பேசினாள்.

"எம்மவனுக்குச் சொவத்துல மாட்ட ஒரு படம் இருந்துதா? ஆதார் கார்டுல இருந்த மூஞ்சியப் பெருசு பண்ணித்தான மாலை போட்டு வெச்சுருக்கறம். அவனக் கொன்னவன் பாக்கறதுக்கு நாய்க்கு போட்டோ புடிக்கிறவன் வாரானா? போகச் சொல்லு."

பாவாயி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

வேண்டாம் என்று முடிந்த விஷயம்தான். ஆனால் கலைமணிக்கு அது முடியவில்லை. கூடைக்குக் கிழங்கு எடுக்கும்போதும், ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போதும், அந்தக் கறுப்புத் திட்டுதான் கண்ணில் நின்றது. ஒரு கொலைகாரன் நாயைக் கேட்கிறான். அக்காவைக் கேட்கவில்லை. தாலி அறுத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவனுக்குப் போய்ப் படமா என்று ஒரு மனம் சொன்னது. அவன் எதற்காகக் கேட்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று இன்னொரு மனம் சொன்னது.

மறுவாரம் சந்தைக்கு இறங்கியவள் அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனாள். கல்யாண ஆல்பங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன் பெயர் சந்தோஷ்குமார்.

பாவாயியின் மகள் என்று சொல்லிக்கொண்டு, "போன்லயே நல்லா எடுக்க முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

"எடுக்கலாமுங்க. பக்கத்துல போய், நல்ல வெளிச்சத்துல, அது ஆடாம நின்னா வரும். ஆனா முழுக் கறுப்பு நாயின்னா போனுக்குப் புடிபடாது. மூஞ்சி மொத்தமும் ஒரே இருட்டாப் போயிரும். கேமராவுல கண்ணு, மூக்கு, முடி எல்லாம் தனித்தனியாத் தெரியும்."

"அதுக்கு அவ்வளவு தூரம் மலையேறி வரோணுமா? பிரயோஜனம் இருக்குமா?"

"பொய் சொல்ல மாட்டேனுங்க. மலையில நாயி எடுத்ததில்ல. அது ஒத்து வந்தா நாலு படம் தேறும். ஒத்து வரலீன்னா ஒண்ணுமே தேறாது. ரெண்டுல எதுன்னாலும் வந்து போற கூலி குடுக்கோணும்." பிறகு ஏதோ நினைவு வந்தவனாகச் சொன்னான். "உங்கம்மா ஒண்ணு சொன்னாங்க. மூஞ்சி மட்டும் வரோணும், காலு தெரியக்கூடாதுன்னு. அது சுலபந்தானுங்க."

கலைமணிக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவுக்குக் கேமராக்காரன் எதற்கு என்று. முகத்தை மட்டும் அழகாகக் காட்டி, நாய் நன்றாக இருக்கிறது, நீ ஒன்றும் செய்துவிடவில்லை என்று மகனுக்குச் சொல்ல.

"வாங்க," என்றாள். "ஆனா முழு நாயும் வரோணும். மூணு காலும் தெரியோணும். இல்லாத காலும் தெரியோணும்."

அன்று மாலை அதை மாமியாரிடம் சொன்னாள். வள்ளியாத்தாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் அழுகிப் புழு வைத்தபோது மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வேப்பெண்ணெய் போட்டு, மடியில் கிடத்திக் காப்பாற்றியவள் அவள்தான். என் மகனுக்காக நின்றது அது ஒன்றுதான் என்று எல்லோரிடமும் சொல்வாள்.

"அப்படீன்னா எடு," என்றாள். "அவன் பாக்கட்டும். ஆனா உங்கம்மா கையில குடுத்து உடாத. நீ போ. அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

சந்தோஷ்குமார் முதல் பஸ்ஸில் வந்தான். பனி விலகி வெயில் இளசாக இருந்தது. வாசலில் பையை வைத்துவிட்டு மூன்று கால் ஸ்டாண்டை எடுத்து, மடங்கியிருந்த கம்பியைச் சடக்கென்று நீட்டினான்.

கரியன் ஒரு சத்தம் போட்டது. குரைப்பு இல்லை. மண்ணில் மூத்திரம் ஒழுக, முன்னங்கால் தடுமாறி விழுந்து, எழுந்து, கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒண்டிக்கொண்டது.

"என்னாச்சுங்க?"

"அதைக் கீழ போடுங்க," என்றாள் கலைமணி. "ஆம்பளை கையில நீளமா எதைப் பாத்தாலும் இப்படித்தான்."

அவன் ஸ்டாண்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். அதன்பின் நெடுநேரம் கரியன் வெளியே வரவில்லை. கருவாட்டுத் துண்டைக் காட்டினார்கள், வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தார்கள், வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பாவாயி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷ்குமார் வாசலில் குப்புறப் படுத்தான், தான் சின்னதாகத் தெரிந்தால் பயம் போகலாம் என்று.

கடைசியில் கலைமணி கட்டிலுக்கு அடியில் நுழைந்து நாயைத் தூக்கி வந்து வாசலில் நிறுத்தினாள். அவள் விலகினால் அது உள்ளே ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்தால் நின்றது. வேறு வழியில்லாமல் அவள் உட்கார்ந்தே இருந்தாள். அதன் உடம்பு நடுங்குவது அவள் தோளில் தெரிந்தது. கேமரா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"போதுமுங்க," என்று எழுந்தான். கேமராவின் பின்பக்கம் அவளுக்குக் காட்டினான். கரியன் முடி முடியாகத் தெரிந்தது. பழுப்புக் கண், நரைத்த தாடை, வெட்டுப்பட்ட காலின் முடியில்லாத நுனி. அதை ஒட்டி அவளும் இருந்தாள். புருஷன் போன பிறகு அவள் முகத்தை அவளே இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"உங்கள எடுத்துறட்டுங்களா படத்துலருந்து?"

அவள் யோசித்தாள். "வேண்டாம். இருக்கட்டும்."

படம் பிரிண்ட் ஆகி வந்ததும் கலைமணி அம்மாவோடு ஜெயிலுக்குப் போனாள். வார்டர் படத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். "நாயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே அனுப்பினார். வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் செல்வம் வந்தான். அம்மாவை எதிர்பார்த்து வந்தவன் அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பாவாயி பின்னால் தள்ளி நின்றாள்.

படம் அவன் கைக்குப் போனது. அவன் அதைப் பார்த்தான். அக்காவின் முகத்தை அவன் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் விரல் அந்தக் காலின் மேலேயே இருந்தது. பிறகு தோள் குலுங்க அழுதான். சத்தமாக அழுதான். பக்கத்து வலைகளில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கலைமணி காத்திருந்தாள்.

"அது என்ன பண்ணுச்சுக்கா," என்றான். "வாயில்லாத சீவன். அதப் போய் வெட்டிட்டனே. கண்ண மூடுனா அதுதாங்கா கத்துது."

"மாமா?" என்று கேட்டாள் கலைமணி.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகை நின்றிருந்தது.

"பொய் சொல்லச் சொல்றயா?" என்றான். "மாமன நெனைச்சா எனக்கு அழுகை வாரதில்ல. இன்னிக்கும் ஆத்திரந்தான் வருது. நானும் பாத்துட்டேன், வாரதே இல்ல."

இரண்டு வருடமாகத் தனக்கே தெரியாமல் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தோம் என்பது அவளுக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. அந்த வார்த்தை அவனிடம் இல்லை. அவன் ஒளித்து வைக்கவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் தாயும் மகளும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். வளைவுகள் ஏற ஏறப் பாவாயிக்கு எப்போதும் போல வாந்தி வந்தது. கலைமணி எழுந்து போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"இனி சோறு திம்பான் சாமி," என்றாள் பாவாயி. "பாத்துட்டானல்ல. உசுரோட இருக்குதுன்னு பாத்துட்டான்." அவள் முகத்தில் வாந்தியின் களைப்பையும் மீறி ஒரு நிம்மதி இருந்தது. கலைமணி பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு தன் சீட்டுக்குத் திரும்பினாள்.

வள்ளியாத்தாள் வாசலிலேயே இருந்தாள்.

"பாத்தானா?"

"பாத்தான்."

"அழுதானா?"

"அழுதானுங்க அத்தை."

கிழவியின் கண் கலங்கியது. "எம்மவன் பேரச் சொல்லி அழுதானா?"

வழியெல்லாம் கலைமணி இதற்குத்தான் பயந்தாள். ஒரு பொய் போதும். ஆனால் சொன்ன பொய்யோடு தினமும் இந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

"இல்லீங்க. நாய்க்கு அழுதான்."

வள்ளியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரியன் நொண்டிக்கொண்டே வந்து, வழக்கம் போல அவள் மடியில் தலையை வைத்தது. அவள் அந்தத் தலையைக் கையால் தள்ளினாள். அது திரும்பவும் வைத்தது. திரும்பவும் தள்ளினாள்.

"இதக் கொண்டுபோய் உங்கம்மா ஊட்டுல உட்டுரு."

"அத்தை, அது என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. எனக்கு ஆகல. எம்மவனுக்கு வராத கண்ணீரு இதுக்கு வந்துருக்குது. இனி இத எங் கண்ணால பாக்க முடியாது."

மறுநாள் கலைமணி கரியனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாவாயி வீட்டில் விட்டாள். பாவாயி கறிக்குழம்பு ஊற்றிச் சோறு வைத்தாள். அது மோந்து பார்த்துவிட்டு, மூன்று காலில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே விழுந்து எழுந்து திரும்பி வந்தது. மறுபடி கொண்டுபோய் விட்டாள். மறுபடி வந்தது. இருட்டும் நேரத்தில் வள்ளியாத்தாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

காலையில் கதவைத் திறந்தபோது கரியன் வாசற்படியில் குறுக்கே கிடந்தது. பனியில் முடியெல்லாம் நனைந்திருந்தது. வாலை ஆட்டியது. வள்ளியாத்தாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டித் தண்ணீருக்குப் போனாள். விரட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. கலைமணி பழைய சோற்றைப் பிசைந்து வெளியே கொண்டுவந்து வைத்தாள். கிழவி குடத்தோடு பாதையில் இறங்கி மறையும் வரை நாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் சாப்பிட்டது.