வாசலில் நிற்கிறாள்

சங்கரன்கோவில் ரயிலடிக் கொட்டகையின் வரலாற்றைக் கேட்டால் ஓடின படங்களை ஒப்பிப்பார்கள். வாசலில் டிக்கெட் கிழித்த எனக்கு ஆறுமுகத்தாயின் முகம்தான் முன்னால் வரும்.

இளையரசனேந்தல்காரி. புருஷன் இல்லை. ஒரே மகன் இசக்கிப்பாண்டி படப் பைத்தியம். விதைக்கு வைத்திருந்த பருத்திக்கொட்டையை விற்றுப் படம் பார்த்தவனை விளக்குமாற்றால் அடித்துவிட்டாள். "இனி உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று போனவன் போனவன்தான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில்.

"வீட்டுக்கு வராட்டாலும் படத்துக்கு வருவான் அண்ணாச்சி. ஒரு சிலைடு போடுங்க" என்று முதலாளி பெருமாள்சாமியிடம் வந்து நின்றாள். பிரசவம், சாவு என்று அவசரமாக ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் கண்ணாடியில் எழுதித் திரையில் காட்டுவது எங்கள் வழக்கம்.

"ஊர்ப்பேரையும் போட்டிரலாமா?"

"வேண்டாம். ஊரப் பாத்தா கோவத்துல எந்திரிக்க மாட்டான்."

'இசக்கிப்பாண்டி, உன் அம்மா வாசலில் நிற்கிறாள்' என்று போட்டோம். நம் பக்கத்தில் அந்தப் பெயருக்கா பஞ்சம்? மூன்று பேர் பதறி ஓடிவந்தார்கள். "எங்கம்ம செத்து எத்தன வருசமாச்சு! எவம்லே போட்டது?" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். ஆறுமுகத்தாய் வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு, மகனுக்கென்று அவித்துக் கொண்டுவந்த சீனிக்கிழங்கை அவர்களிடம் நீட்டினாள்.

"பசிக்கும்லா, தின்னுங்கய்யா."

சட்டையைப் பிடித்தவன் வாங்கித் தின்றுவிட்டு மூக்கைச் சிந்தினான்.

அதன்பின் படம் மாறும்போதெல்லாம் முதல் நாளே வந்துவிடுவாள். சிலைடு விழுந்ததும் இசக்கிப்பாண்டிகள் எழுந்து வருவார்கள், மூன்று பேர் போகப் போக நான்கு பேரானார்கள், கூப்பிட்டது தங்களை இல்லையென்று தெரிந்தே. அவளோடு உட்கார்ந்து கிழங்கு தின்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்தப் பயல் எந்த ஊரில் எந்தப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறானோ!

ஐம்பத்திரண்டில் ஒரு புதுப்படத்தன்று அவள் வரவில்லை. செத்துப்போனாள் என்ற சேதிதான் வந்தது. முதலாளி தன் கையாலேயே எழுதினார்: 'இசக்கிப்பாண்டி, உன் அம்மா இறந்துவிட்டாள்.'

சிலைடு திரையில் விழுந்தது. ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் வந்தார்கள். நான்கும் தெரிந்த முகங்கள். தெரியாத முகம் ஒன்று வருமென்று படம் முடியும்வரை வாசலிலேயே நின்றேன். வரவில்லை.

மறுநாள் சுடுகாட்டில், "கொள்ளி வைக்க மகன் யாருவே?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டார்.

மொட்டையடித்துக்கொண்டு நின்ற நான்கு பேரும் முன்னால் வந்தார்கள்.